ஒரே திரை, மூன்று கட்டம், ஒரே வேலை

டெர்மினல் விண்டோவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வேலை செய்வது பற்றிப் புக்கிட் மேரா வட்டார வாசகர்கள் கேட்ட கேள்விகள் இந்த வாரம். கட்டளைகளையும் விசைகளையும் ஒலிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

கே: ஒரு டெர்மினல் திறந்தாலே எனக்கு உதறல். அதைப் பிரித்து நாலாக்கு என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். எதற்கு அண்ணா?
(பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, ரெட்ஹில்)

ப: நாலு வேண்டாம் தங்கச்சி, இரண்டு போதும். ஒரு பக்கம் நீங்கள் எழுதும் நிரல், மறுபக்கம் அது ஓடும் இடம். ஒற்றை விண்டோவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எடிட்டரை மூடுகிறீர்கள், நிரலை ஓட்டுகிறீர்கள், 47ஆம் வரியில் பிழை என்று வருகிறது. மறுபடி எடிட்டரைத் திறப்பதற்குள் 47ஆ, 74ஆ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. மூடிவிட்டு மீண்டும் ஓட்டுகிறீர்கள். திரையைப் பிரித்தால் 47 கண்ணெதிரே நிற்கும். மனம் சுமந்ததைத் திரை சுமக்கும், மனம் பிழையை யோசிக்கும். இதுதான் முழுப் பயனும். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

கே: எந்த மென்பொருள் சிறந்தது?
(மென்பொருள் சோதனையாளர், தியோங் பாரு)

ப: உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பது.

விண்டோஸ் 11 என்றால் விண்டோஸ் டெர்மினல் கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் 2019இல் அறிவித்து, 2020 மே மாதம் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பக்கவாட்டில் பிரியும், கழித்தல் குறியைத் தட்டினால் மேலும் கீழுமாகப் பிரியும்.

மேக் என்றால் ஐடெர்ம்2 போட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிளின் சொந்த டெர்மினலும் திரையைப் பிரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே இரண்டு பாதியிலும் இருப்பது ஒரே அமர்வு. மேல்பாதியில் பழைய வரிகளைப் பார்த்துக்கொண்டே கீழ்ப்பாதியில் தட்டலாம், இரண்டு தனி வேலை ஓட்ட முடியாது.

லினக்ஸ் என்றால் டெர்மினேட்டர். கிறிஸ் ஜோன்ஸ் 2007இல் பைத்தானில் எழுதத் தொடங்கியது. அதற்கு முன்பே கேடிஇ பக்கத்தில் ஒரே விண்டோவில் நாலு டெர்மினலை அடுக்கித் தந்த குவாட்கான்சோல்தான் அதற்குத் தூண்டுதல். டிலிக்ஸ், கான்சோல் இரண்டும் நல்லவையே. எதை எடுத்தாலும் ஒரு மாதமாவது மாற்றாதீர்கள். கைக்குப் பழகுவதுதான் வேகம்.

கே: டெர்மினேட்டர் போட்டுவிட்டேன். அடுத்து? மவுஸைத் தொடாமல் செய்ய முடியுமா?
(இரவுப் பணி சர்வர் ஊழியர், அலெக்சாண்ட்ரா சாலை)

ப: முடியும். ஐந்து விசைச் சேர்க்கை போதும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோ இடம், வலம் என இரண்டாகும். கர்சர் வலப்பக்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. வலப்பக்கம் மட்டும் மேல், கீழ் எனப் பிரியும். இப்போது மூன்று கட்டம். ஆல்ட்டோடு அம்புக்குறி விசையைத் தட்டினால் அந்தத் திசையிலுள்ள கட்டத்துக்குத் தாவுவீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் அழுத்தினால் நீங்கள் இருக்கும் கட்டம் மட்டும் முழுத்திரையாக விரியும். மறுமுறை அழுத்தினால் பழைய இடத்துக்குத் திரும்பும். வேண்டாத கட்டத்தை மூட கன்ட்ரோல், ஷிஃப்ட், டபிள்யூ.

இடப்பக்கப் பெரிய கட்டத்தில் எடிட்டர். வலது மேல் கட்டத்தில் சோதனை. வலது கீழ்க் கட்டத்தில் லாக் கோப்பை 'டெயில்' கட்டளையோடு எஃப் சேர்த்து ஓடவிடுங்கள். புது வரி விழ விழத் தானாகக் காட்டும். இந்த அமைப்பை மெனுவில் ப்ரிஃபரன்சஸ், லேஅவுட்ஸ் என்று போய்ப் பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால், மறுநாள் அந்தப் பெயரோடு டெர்மினேட்டரைத் திறந்ததும் மூன்று கட்டமும் அதே இடத்தில் காத்திருக்கும்.

கே: கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ தட்டினால் கட்டம் பிரியவில்லை. அடிக்கோடிட்ட ஓர் எழுத்துத்தான் வருகிறது. டெர்மினேட்டர் பழுதா?
(மொழிபெயர்ப்பாளர், தெலுக் பிளாங்கா)

ப: பழுதில்லை. நீங்கள் ஐபஸ் வழியாகத் தமிழ்99 தட்டச்சு செய்பவர் என்று நினைக்கிறேன். ஐபஸின் சில பதிப்புகள் அதே மூன்று விசைகளை எமோஜிக்காக எடுத்துக்கொண்டுவிட்டன. டெர்மினேட்டரை எட்டும் முன்பே ஐபஸ் அதை விழுங்கிவிடுகிறது. ஐபஸ் அமைப்புப் பக்கத்தில் எமோஜி பகுதிக்குப் போய் அந்த விசைச் சேர்க்கையை நீக்குங்கள், சரியாகிவிடும். கட்டம் பிரிக்கும் முன் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: அதிகபட்சம் எத்தனை கட்டம் வைத்துக்கொள்ளலாம்?
(பட்டதாரி மாணவர், புக்கிட் மேரா சென்ட்ரல்)

ப: கணக்கே சொல்லிவிடும். உங்கள் மடிக்கணினித் திரை 1920க்கு 1080 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்தின் அகலம் 10 பிக்சல், உயரம் 20 பிக்சல் என்றால் ஒரு வரிக்கு 192 எழுத்து, மொத்தம் 54 வரி. பக்கவாட்டில் இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 96. மூன்றாகப் பிரித்தால் 64. இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. நிரல் வரிகளும் கட்டளைகளின் வெளியீடும் பெரும்பாலும் 80 எழுத்து அகலத்தை மனதில் வைத்தே அமைகின்றன. 64இல் வரி மடியும், பட்டியல் குலையும், கண் தடுமாறும்.

அந்த 80 ஒரு பழைய கணக்கு. ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். 1978இல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினலில் 80 எழுத்து, 24 வரி. இன்று நாம் திறக்கும் டெர்மினல் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த விடி100 வழிவந்த கட்டளை மரபைத்தான் பின்பற்றுகின்றன. ஆக, உங்கள் மடிக்கணினித் திரையில் தாராளமாக நாலு விடி100 அடங்கும், ஐந்தாவதுக்கு இடமில்லை. நாலு என்பது எல்லை. அன்றாட வேலைக்கு மூன்று. அகலக் கால் வைக்காதீர்கள்.

கே: மூன்று கட்டம்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் எது எங்கே என்று ஒவ்வொரு தடவையும் தேடுகிறேனே?
(வலைத்தள வடிவமைப்பாளர், ஹெண்டர்சன் சாலை)

ப: தினமும் இடம் மாற்றுகிறீர்கள், அதனால்தான். லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போய் வாழை இலை முன் உட்காருங்கள். நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் மேலே இடது ஓரம், சோறு கீழே. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் ஊறுகாயைத் தேட வேண்டியதில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் போகும். திரைக்கும் அப்படி ஒரு பரிமாறும் முறை வகுத்துக்கொள்ளுங்கள். எழுதுவது எப்போதும் இடம், சோதிப்பது எப்போதும் வலது மேல், லாக் எப்போதும் வலது கீழ். எந்தத் திட்டமானாலும் இதை மாற்றாதீர்கள். பத்து நாளில் ஆல்ட்டும் அம்புக்குறியும் யோசிக்காமலே விழும்.

கே: இரண்டாவது திரை வாங்கிவிட்டால் இந்தப் பிரிவினையே வேண்டாமே? சிம் லிம் ஸ்கொயர் போகலாமா?
(வீட்டிலிருந்து வேலை செய்பவர், ஜாலான் புக்கிட் மேரா)

ப: போகலாம். ஆனால் முதலில் ஒரு திரையைப் பிரித்துப் பழகிவிட்டுப் போங்கள். ஒரு திரையில் ஒழுங்கில்லாதவருக்கு இரண்டாவது திரை கொடுத்தால் ஒழுங்கின்மைதான் இரட்டிப்பாகும். வீவக வீட்டு மேசையில் இடமும் ஒரு செலவு. பழகிய பிறகு வாங்கினால், பிரித்த டெர்மினல் ஒன்றில், படிக்க வேண்டிய ஆவணம் மற்றொன்றில் என்று இரண்டு திரைக்கும் வேலை இருக்கும்.

கே: அலுவலக சர்வரில் நீண்ட நேரம் ஓடும் வேலையைத் தொடங்கிவிட்டு ரயில் ஏறுகிறேன். ரெட்ஹில் தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது சில நாள் இணைப்பு அறுந்துவிடுகிறது. வேலையும் செத்துவிடுகிறது. என்ன செய்ய?
(தரவு ஆய்வாளர், ரெட்ஹில் குளோஸ்)

ப: கட்டத்தை உங்கள் மடிக்கணினியில் பிரிக்காதீர்கள், சர்வரில் பிரியுங்கள்.

வேலை ஏன் சாகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தொலைபேசிக் கம்பியும் மோடமும் வைத்துக் கணினிக்குள் நுழைந்த காலத்தில், கம்பி அறுந்தால் அந்தப் பயனரின் வேலைகளை முடித்து இடத்தைக் காலி செய்ய ஒரு சமிக்ஞை வைத்தார்கள். கம்பி போய் வைஃபை வந்தும் அந்தச் சமிக்ஞை யூனிக்ஸ் குடும்பத்தில் அப்படியே இருக்கிறது. உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தால் சர்வரில் உங்களுக்கான டெர்மினல் மறைகிறது. டெர்மினல் மறைந்தால் அதில் ஓடிய வேலைக்குச் சமிக்ஞை போகிறது.

இதற்கு மருந்து டீமக்ஸ். டி, எம், யு, எக்ஸ் என்ற நாலெழுத்துக் கட்டளை. நிக்கோலஸ் மேரியட் 2007இல் எழுதியது, 2009இல் ஓப்பன்பிஎஸ்டியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். இதற்கு மூத்தது ஸ்கிரீன், 1987இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒலிவர் லௌமான், கார்ஸ்டன் போர்மான் இருவரும் எழுதியது.

சர்வரில் நுழைந்ததும் முதல் வேலையாக டீமக்ஸைத் தொடங்குங்கள். அதன் எல்லாக் கட்டளைக்கும் முன்விசை கன்ட்ரோலும் பியும். ஏ, பி, சி வரிசையில் இரண்டாவதாக வரும் பி. அதை அழுத்தி விட்டுவிட்டு % தட்டினால் பக்கவாட்டில் பிரியும். இரட்டை மேற்கோள் குறி தட்டினால் மேலும் கீழுமாகப் பிரியும். நாலாம் எழுத்தான டி தட்டினால் நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள், வேலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போய் மறுபடி நுழைந்து 'டீமக்ஸ் அட்டாச்' கொடுத்தால் விட்ட இடத்தில், அதே கட்டங்களோடு திரை திரும்பும். சுரங்கத்தில் இணைப்பு அறுந்தாலும் இதே கதைதான். டெர்மினலைப் பிடித்துக்கொண்டிருப்பது இப்போது டீமக்ஸ், உங்கள் ரயில் பயணம் அல்ல.

இணைப்பு அடிக்கடி அறுவதே எரிச்சல் என்றால் மோஷ் என்பதையும் பாருங்கள். எம்ஐடியில் உருவாகி 2012இல் வெளிவந்தது. வைஃபையிலிருந்து கைப்பேசி இணைப்புக்கு மாறினாலும் அமர்வு உயிரோடிருக்கும். ஆனால் அதற்கு சர்வரில் யுடிபி வாசல்கள் திறந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கே: அப்படியானால் டெர்மினேட்டர் எதற்கு? எல்லாவற்றுக்கும் டீமக்ஸே போதாதா?
(அதே தரவு ஆய்வாளரின் நண்பர், குவீன்ஸ்டவுன்)

ப: டெர்மினேட்டர் உங்கள் மேசையில் வாழ்கிறது, டீமக்ஸ் சர்வரில் வாழ்கிறது. மேசையில் மூடினால் டெர்மினேட்டரின் கட்டங்கள் போயின. டீமக்ஸின் கட்டங்கள் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும்.

ஒரு நடைமுறை வேறுபாடும் உண்டு. டெர்மினேட்டரில் ஒவ்வொரு கட்டமும் தனி டெர்மினல். டீமக்ஸ் ஒரே டெர்மினலுக்குள் கோடு போட்டுக் கட்டம் வரைகிறது. அதனால் மவுஸால் இழுத்து ஒரு வரியை நகலெடுத்தால் பக்கத்துக் கட்டத்து எழுத்தும், நடுவிலுள்ள கோடும் சேர்ந்து வரும். முன்விசை அழுத்தி இசட் தட்டுங்கள், அந்தக் கட்டம் மட்டும் முழுத்திரையாகும். நகலெடுத்துவிட்டு மறுபடி இசட். மேசையில் இரண்டு கட்டம் டெர்மினேட்டரில், அதில் ஒன்றுக்குள் சர்வரின் டீமக்ஸ். இந்த இரட்டை ஏற்பாடு பலருக்கும் ஒத்துவரும்.

கே: டீமக்ஸில் விட்டது என்றைக்கும் இருக்குமா?
(தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர், தெலுக் பிளாங்கா)

ப: சர்வரை மறுதொடக்கம் செய்யும்வரை இருக்கும் தம்பி. அதற்குப் பிறகு இல்லை. எடிட்டரில் சேமிக்காததை டீமக்ஸ் காப்பாற்றும் என்று நம்பி உறங்காதீர்கள்.

கே: நாலு சர்வருக்கும் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் தட்டலாமாமே? எங்கள் பள்ளிக் கணினி ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய உதவியாக இருக்கும்.
(ஆய்வுக்கூடப் பொறுப்பாளர், லோவர் டெல்டா சாலை)

ப: தட்டலாம் ஐயா. டெர்மினேட்டரில் ஆல்ட்டும் ஏயும் அழுத்தினால் நீங்கள் தட்டுவது எல்லாக் கட்டத்துக்கும் போகும். ஆல்ட்டும் ஜியும் என்றால் ஒரு குழுவுக்கு மட்டும். ஆல்ட்டும் ஓவும் என்றால் நிறுத்தம். நீங்கள் தட்டும் கட்டத்தின் தலைப்புப் பட்டை சிவப்பு, அதை வாங்கும் கட்டங்களின் பட்டை நீலம். நீலம் எதிலெல்லாம் இருக்கிறது என்று பார்க்காமல் என்டர் தட்டக் கூடாது.

இந்த வசதிக்கு மட்டும் நான் மூன்று கட்டுப்பாடு சொல்வேன். முதலில் 'ஹோஸ்ட்நேம்' என்ற கட்டளையைக் கொடுங்கள். எந்தக் கட்டத்தில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும். இரண்டாவது, கோப்பை அழிக்கும் கட்டளை எதையும் இப்படிக் கொடுக்காதீர்கள். ஓர் இயந்திரத்தில் செய்த தவறை மற்ற மூன்றைப் பார்த்துத் திருத்தலாம், நாலிலும் ஒரே நொடியில் செய்த தவறுக்குப் பார்த்துத் திருத்த ஒன்றும் மிஞ்சாது. மூன்றாவது, வேலை முடிந்த அந்தக் கணமே ஆல்ட்டும் ஓவும். பதறாத காரியம் சிதறாது.

நாலு நாற்பதானால் இந்த வழியையே விட்டுவிடுங்கள். அன்சிபிள் போன்ற கருவிக்கு மாறுங்கள். செய்ய வேண்டியதை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அது ஒவ்வொரு இயந்திரத்திலும் செய்து, எங்கே முடிந்தது, எங்கே தவறியது என்று சொல்லும். அடுத்த பருவத்தில் வேறொருவர் பொறுப்பேற்றாலும் அந்தக் கோப்பு பேசும்.

கே: ஒரு கட்டத்தில் வேலை, ஒன்றில் செய்தி, ஒன்றில் அரட்டை. நேரம் மிச்சம்தானே அண்ணே?
(நிரலர், தியோங் பாரு)

ப: இல்லை தம்பி. பிரித்த திரை ஒரு வேலையின் பல முகங்களைக் காட்டுவதற்கு. பல வேலைகளின் ஒவ்வொரு முகத்தைக் காட்டுவதற்கு அல்ல. ஸோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதிய கட்டுரையில், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினார். அரட்டைக் கட்டத்தில் ஒரு வரி விழும்போதெல்லாம் உங்கள் கவனத்தில் ஒரு துண்டு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். எது சேர்ந்து தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது பாதி வேலை. எது தெரியவே கூடாது என்று முடிவு செய்வது மறுபாதி. பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கே: என் மகன் கறுப்புத் திரையில் மூன்று பெட்டி வைத்துக்கொண்டு விடிய விடிய ஏதோ தட்டுகிறான். எழுத்து தானாக ஓடுகிறது. தப்பான காரியம் ஏதும் செய்கிறானோ என்று மனசு கேட்கவில்லை.
(ஒரு தாய், புக்கிட் பர்மே)

ப: கவலை வேண்டாம் அம்மா. தானாக ஓடும் அந்த எழுத்து பெரும்பாலும் லாக். கணினி தான் செய்வதை வரி வரியாகக் குறித்துக்கொண்டே போகிறது. நிரல் படிக்கும் பிள்ளைகள் எல்லாருடைய திரையும் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இந்தப் பெட்டியில் என்னப்பா ஓடுது?" என்று கேளுங்கள். ஒழுங்கான வேலை செய்யும் பிள்ளைக்கு அதை அம்மாவுக்கு விளக்குவதைவிடப் பெருமை வேறில்லை. அவனுக்கும் விளக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று தெரியும். விடிய விடிய என்பதை மட்டும் கண்டியுங்கள். தூக்கம் கெட்ட கண்ணுக்கு எத்தனை கட்டமிருந்தும் பிழை தெரியாது.

கே: எனக்குப் பார்வை குறைவு. எழுத்தைப் பெரிதாக்கினால் கட்டம் பிரிக்க இடமில்லை. இந்த வசதி எனக்கில்லையா?
(வாசகர், லெங்கோக் பாரு)

ப: உங்களுக்கு வேறு வழியில் உண்டு. திரையில் ஒரே நேரத்தில் எல்லாம் தெரிய வேண்டும் என்பதில்லை. தேவையானது ஒரே தட்டலில் வர வேண்டும், அவ்வளவுதான். மூன்று கட்டம் பிரித்துவைத்து, எப்போதும் ஒன்றை மட்டும் முழுத்திரையாக விரித்து வேலை செய்யுங்கள். டெர்மினேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், இசட் அழுத்தினால் அந்தக் கட்டம் முழுத்திரைக்கு விரிவதோடு எழுத்தும் சேர்ந்து பெரிதாகும்.

திரைவாசிப்பான் கேட்டு வேலை செய்பவர் என்றால் டீமக்ஸில் பக்கவாட்டுப் பிரிவைத் தவிர்த்துவிடுங்கள். வாசிப்பான் இடக்கட்டத்து வரியையும் வலக்கட்டத்து வரியையும் ஒரே வரியாகச் சேர்த்து வாசித்துவிடும். அதற்குப் பதில் டீமக்ஸில் தனித்தனி விண்டோ திறந்து எண் தட்டித் தாவுங்கள். உங்கள் தெருவிலேயே 2015இல் திறந்த எனேபளிங் வில்லேஜ் இருக்கிறது. உதவிக் கருவிகள் பற்றி அங்கே நேரில் கேட்கலாம்.

கே: எல்லாம் சரி, டெர்மினலில் தமிழ் ஏன் உடைந்து தெரிகிறது? 'கொ' என்று தட்டினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், க ஓரிடம்.
(தமிழாசிரியை, டெப்போ சாலை)

ப: டெர்மினல் பிறந்தபோது அதற்கு ஒரே விதிதான் சொல்லித்தந்தார்கள், ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். ஆங்கிலம் அதில் அழகாக உட்காரும். தமிழ் உட்காராது. 'கொ'வில் கொம்பு எழுத்துக்கு முன்னே, கால் பின்னே. கணினி அதைச் சேமிக்கும்போதோ க முதலில், உயிர்க்குறி பிறகு. கொம்பை எடுத்து முன்னே வைக்கும் வேலையை உலாவியும் எழுத்துச் செயலியும் செய்கின்றன. பல டெர்மினல்கள் செய்வதில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லை மட்டும் ஒரு கோப்பில் வரி முறிக்காமல் சேமித்து, டபிள்யூ-சி என்ற எண்ணும் கட்டளையிடம் கொடுங்கள். எழுத்து எத்தனை என்று கேட்டால் 5 என்னும், பைட் எத்தனை என்று கேட்டால் 15 என்னும். உங்கள் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்றெழுத்து என்னும். பிள்ளை சொல்வதுதான் சரி. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறது, யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் ஓர் உணவகத்து மேசைத்தாளில் வரைந்த முறை அது. தமிழை அது பத்திரமாகச் சேமிக்கிறது. சேமித்ததைச் சரியாக வரைவதுதான் டெர்மினலின் பாக்கி.

இப்போதைக்கு வழி இது. இந்திய எழுத்துகளுக்கு ஆதரவு தரும் எம்எல்டெர்ம் என்ற டெர்மினலைச் சோதித்துப் பாருங்கள். இல்லையென்றால் திரையின் ஒரு பாதியில் சாதாரண எழுத்துச் செயலி, மறுபாதியில் இரண்டு கட்ட டெர்மினல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழை அங்கே படியுங்கள், கட்டளையை இங்கே கொடுங்கள். தமிழெழுத்தைச் சரியாக எண்ண வேண்டும் என்றால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. அது த, மி, ழ் என்று மூன்றாகவே பிரித்துத் தரும்.

கே: அதைச் சரிசெய்ய யாராவது வருவார்களா?
(அதே ஆசிரியை)

ப: இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தக் கேள்வி கேட்கலாமா டீச்சர்! இணையத்தில் தமிழ் தெரியாத காலத்தில் அதைத் தெரியவைத்தவர்களில் முன்னோடி இங்கேதான் இருந்தார். எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். சிங்கப்பூர்க் கவிதைகளின் நாலு மொழித் தொகுப்பு ஒன்று 1995 அக்டோபரில் இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழ் தமிழெழுத்திலேயே நின்றது. அதை அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கிவைத்தார். 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியதற்கும் கோவிந்தசாமி முன்னின்றார். 1999இல் காலமானார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் நடந்த மாநாட்டில்தான் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது.

அவர் காத்திருக்கவில்லை. நம் பிள்ளைகளும் காத்திருக்க வேண்டியதில்லை. பல லினக்ஸ் டெர்மினல்களின் நிரல் திறந்தே கிடக்கிறது. 'கொ' எங்கே உடைகிறது என்று படம் எடுத்து, எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று குறித்து, அந்தத் திட்டத்தின் பிழைப் பட்டியலில் பதியச் சொல்லுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத நிரலருக்கு அது உடைந்திருக்கிறது என்பதே தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

கே: இதையெல்லாம் தமிழில் படிக்க வழியுண்டா?
(வெளிநாட்டு ஊழியர், ஜாலான் புக்கிட் மேரா)

ப: உண்டு. கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. அங்கே த. சீனிவாசன் எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. லினக்ஸ் நூலிலிருந்து தொடங்குங்கள். ஒரு கட்டத்தில் புத்தகம் சொல்லும் கட்டளையைத் தட்டுங்கள், பக்கத்துக் கட்டத்தில் 'மேன்' என்ற கட்டளையால் அதன் கையேட்டைத் திறந்துவையுங்கள். பழைய மடிக்கணினி போதும்.

கே: உண்மையைச் சொல்லுங்கள். கட்டம் பிரிப்பதால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும்?
(குழுத் தலைவர், அலெக்சாண்ட்ரா சாலை)

ப: நிமிடக் கணக்கு கேட்காதீர்கள். விண்டோ மாற்றுவது ஒரு நொடிதான், அதைக் கூட்டினால் பெரிய தொகை வராது. இழப்பது யோசனையின் நூல். லாக்கைப் பார்க்கப் போனவர் அங்கே போனதும் எதற்கு வந்தோம் என்று நிற்கிறாரே, அதுதான் உண்மையான செலவு. ஒரு வாரம் உங்கள் குழுவில் எல்லாரையும் மூன்று கட்டம், மாறாத இடம், ஒரே வேலை என்று பழகச் சொல்லுங்கள். "எங்கே விட்டேன்?" என்று அவரவர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் ஒவ்வொரு தடவைக்கும் தாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் கோடு குறைந்திருந்தால் அந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். குறையவில்லை என்றால் ஒரு கட்டத்தை மூடிவிட்டு மறு வாரம் பார்க்கட்டும்.